நண்பர் சங்கம் (குவேக்கர்)

நண்பர் சங்கம் என்பது 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சமயக் குழுவாகும். குருமார் என்று தனி வகுப்பினரை வையாமலும், ஞானஸ்நானம், நற்கருணை முதலிய சடங்குகளைக் கைக்கொள்ளாமலும், கூடியிருந்து மௌனம் காப்பதையே வழிபாடாகக் கொள்வது இதன் மூல சம்பிரதாயம். கென்யாவிலும் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் போதகரும் பாட்டும் பிரசங்கமும் உள்ள சபைகள் பிற்காலத்தில் வளர்ந்தன. இச்சங்கத்தார் உலக வழக்கில் குவேக்கர் எனப்படுவர். 'நடுங்குவோர்' எனப் பொருள்படும் இப்பெயர், 1650இல் டார்பி நகரில் விசாரிக்கப்பட்ட ஜார்ஜ் பாக்ஸ், ஆண்டவன் வாக்கின்முன் நடுங்குமாறு நீதிபதியை எச்சரித்தபோது, அந்நீதிபதி ஏளனமாகச் சூட்டியது என்று பாக்ஸே எழுதிவைத்திருக்கிறார்.

தோற்றம்

லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாக 1624இல் பிறந்து, செருப்புத் தைக்கும் தொழிலில் பயிற்சி பெற்ற பாக்ஸ், தம் 19ஆம் வயதில் உற்றாரை விட்டுப் புறப்பட்டு, உள்ளத்தை வாட்டிய வேதனைக்கு மருந்து தேடி ஊர் ஊராகப் பாதிரிமாரை நாடிச் சென்றார். முதியவர் ஒருவர் புகையிலை பிடிக்கும்படியும் சங்கீதங்களைப் பாடும்படியும் யோசனை கூறினார். கவென்ட்ரி நகரில் மற்றொருவரோடு தோட்டத்தில் உலாவியபடி பேசிக்கொண்டிருக்கையில், இளைஞரின் கால் தவறிப் பூப்பாத்தியின் ஓரத்தில் பட்டுவிட, பாதிரியார் பேச்சின் பொருளை மறந்து பாத்திக்காகச் சினந்தார். இவ்வாறு கேட்ட இடமெல்லாம் கை விரித்த பின்னரே, புறத்தே தேடிய வழிகாட்டி அகத்தே இருப்பதாக 1647 அளவில் அவருக்கு உணர்வு பிறந்தது. எல்லா மனிதரிடத்தும் ஒளிர்வதாகக் குவேக்கர் கூறும் 'உள்ளொளி'க் கொள்கையின் வித்து இதுவே.

எனினும், தனி மனிதர் ஒருவரின் அனுபவம் சங்கமாக மலர்ந்ததற்கு அவருடைய வாக்குவன்மை மட்டும் காரணமன்று. வடமேற்கு இங்கிலாந்தின் மலைநாட்டில், திருச்சபையின்மேல் நம்பிக்கை இழந்து, தமக்குள்ளேயே கூடிக் காத்திருந்த 'தேடுவோர்' என்னும் குழுவினர் அதற்கு முன்னரே இருந்தனர். 1652இல் பர்பேங்க் மலைச்சரிவில் ஒரு பாறைமீது நின்று பாக்ஸ் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு மூன்று மணி நேரம் பேசினார் எனில், அந்த ஆயிரவரும் தேடிக்கொண்டே வந்தவர்கள். அதே ஆண்டில் ஸ்வார்த்மூர் மாளிகையின் தலைவியான மார்கரெட் பெல் அவர் கொள்கையை ஏற்றுத் தம் இல்லத்தையே சங்கத்தின் நிலையமாக்கினார்.

மௌனக் கூட்டம்

அலங்காரமற்ற கூடத்தில், நடுவே மேடையோ பீடமோ இன்றி, ஒருவரையொருவர் நோக்கியவாறு அமைந்த இருக்கைகளில், ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்திருப்பர். பேசியே ஆகவேண்டும் என்று உள்ளிருந்து உந்தப்படுபவர் எவராயினும் எழுந்து நின்று சில சொற்கள் சொல்லி அமரலாம். அச்சொற்களுக்கு எவரும் மறுமொழி கூறுவதில்லை. இறுதியில் மூத்தோர் இருவர் கைகுலுக்குவதே கூட்டம் முடிந்ததற்கு அடையாளம்.

தாயுமானவருக்கு வாய்த்த மௌனகுருவையும், திருவண்ணாமலையில் பேசாமலே உபதேசித்த ரமண மகரிஷியையும் அறிந்த தமிழருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. நம் நாட்டுச் சம்பிரதாயத்தில் மௌனம் குருவினுடையது. சீடர் அதன் நிழலில் அமர்கிறார். குவேக்கரிடத்திலோ மௌனம் சபையினுடையது. அதில் குரு எனவும் சீடர் எனவும் பிரிவு இல்லை.

வழிகாட்டலும் கூட்டுச் சோதனையும்

உள்ளிருந்து எழும் குரல் யாவும் இறைவனுடையதென்று கொள்வதில் உள்ள அபாயத்தைச் சங்கம் விரைவிலேயே கண்டது. பாக்ஸுக்கு நிகராக மதிக்கப்பட்ட ஜேம்ஸ் நெய்லர், 1656இல், கிறிஸ்து எருசலேமுக்குள் பிரவேசித்த காட்சியை நிகழ்த்துவார்போலக் குதிரைமேல் அமர்ந்து, அடியார் தோத்திரம் பாட, பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். தேவதூஷணம் எனத் தீர்மானித்த நாடாளுமன்றம், அவர் நாவைக் காய்ச்சிய இரும்பால் துளைத்து, நெற்றியில் சூடிட ஆணையிட்டது. இதற்குப் பின்னர், ஒருவர் பெற்றதாகக் கருதும் ஏவலைச் சகோதரர் கூடி ஆராய்ந்து பார்க்கும் வழக்கம் வலுப்பெற்றது. 1660களின் இறுதியில் பாக்ஸ் ஊர்தோறும் மாதக் கூட்டங்களை நிலைப்படுத்தினார். அக்கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. அனைவர் உள்ளமும் ஒருங்கே சாயும் திசையைக் கண்டறிந்து எழுத்தர் அதனைத் தீர்மானமாக எழுதிப் படிப்பார்; இசைவு ஏற்படாவிடில் காரியம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும்.

ஆழ்ந்த ஆத்மிக வழிகாட்டலை விரும்புவோர்க்கு இச்சங்கம் வழங்கிய விசேஷமான சாதனம் 'தெளிவுக் குழு' என்பதாகும். திருமணம் செய்துகொள்ள முன்வருவோர் பிற பந்தங்களிலிருந்து நீங்கியவரா என்று விசாரிக்கும் ஏற்பாடாகத் தொடங்கிய இது, காலப்போக்கில் வாழ்வின் எந்தச் சிக்கலோடும் ஒருவர் அணுகக்கூடிய சிறு குழுவாக விரிந்தது. நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்து அமர்வர். அறிவுரை கூறுவது விலக்கப்பட்டிருக்கும். கேள்வி மட்டுமே கேட்கலாம். பூப்பாத்தி மிதிபட்டதற்குச் சினந்த பாதிரியாரிடம் பாக்ஸ் பெறாது போனது, பொறுமையுடன் கேட்கும் செவியே எனில், அக்குறையைச் சங்கம் ஓர் அனுஷ்டானமாக மாற்றி நிறைவு செய்துகொண்டது எனலாம். நீண்ட நாள் தங்கிப் பயில விழைவோர்க்காகப் பர்மிங்காமில் 1903இல் உட்புரூக் நிலையமும், பென்சில்வேனியாவில் 1930இல் பெண்டில் ஹில் நிலையமும் ஏற்பட்டன.

இந்தியாவில்

இந்நாட்டில் குவேக்கர் சரித்திரம் இரு கிளைகளாக ஓடியது. 1860களில் கல்கத்தாவில், எந்த மிஷனரியும் அழைக்காமல், குவேக்கர் நூல்களைப் படித்துத் தாமே கூடத் தொடங்கிய சிறு குழு ஒன்று இருந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1866இல் ரேச்சல் மெட்காப் என்னும் ஆங்கிலப் பெண்மணி காசிக்கு வந்ததைத் தொடர்ந்து, நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் பகுதியில் மிஷன் பணி வேரூன்றியது. பஞ்சத்தில் அனாதையான குழந்தைகளுக்கு இல்லங்களும், பள்ளிகளும், வைத்தியசாலைகளும் எழுந்தன. 1907இல் அப்பகுதிக் குவேக்கரின் பொது அமைப்பாக மத்திய இந்திய வருடாந்தரக் கூட்டம் அமைந்தது. ஆனால் உணவும் வேலையும் தருபவர் ஒருபுறமும், பெறுபவர் மறுபுறமுமாக அமைந்த இடத்தில், எல்லோரும் சமமாக அமர வேண்டிய மௌனக் கூட்டம் தழைப்பது அரிதாயிற்று.

பின்னர் அதே பகுதியிலுள்ள ரசூலியா கிராமத்தில் அமைந்த நண்பர் கிராம நிலையம் இந்நிலையை வேறு வகையில் கடந்தது. 1972இல் கிஷோர் பாரதி என்னும் அமைப்போடு இணைந்து, 16 நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கிய ஹோஷங்காபாத் விஞ்ஞானப் போதனைத் திட்டத்தில், விடையை ஆசிரியர் சொல்லித் தருவதற்குப் பதிலாக, மாணவர் சோதனை செய்து கேள்வியால் விடையை நெருங்கினர்.

காந்தியடிகளுக்கும் குவேக்கருக்கும் நேர்ந்த பழக்கம் 1893இல் பிரிட்டோரியாவில் தொடங்கியது. அங்கு அவரிடம் மிகுந்த அன்பு பூண்ட கோட்ஸ் என்னும் குவேக்கர், அவர் கழுத்திலிருந்த துளசிமணி மாலையை மூடநம்பிக்கை எனக் கருதி அறுத்தெறிய முன்வந்தபோது, தாய் அணிவித்த மாலை என்று காந்தி மறுத்தார், நட்பு முறியவில்லை. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது உட்புரூக்கிலும் அவர் தங்கினார். அங்கு ஆசிரியராயிருந்த ஹொரேஸ் அலெக்சாண்டர், இந்திய விடுதலைக்குப் பின், மதமாற்ற நோக்கமின்றிப் பல சமயத்தாரும் ஒன்றாக மௌனம் காக்கும் 'சத்திய நண்பர் கூட்டுறவு' என்னும் அமைப்பை 1949இல் நிறுவினார். கோட்ஸின் கையிலிருந்து தப்பிய மாலை, இந்த அமைப்பில் கழற்றப்பட வேண்டிய பொருளாக இருக்கவில்லை.

தமிழகத்தில்

தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய குவேக்கர் மார்ஜரி சைக்ஸ் (1905-1995) ஆவார். கேம்பிரிட்ஜில் கற்று, 1928இல் சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் பயின்று, பின்னர் அப்பள்ளிக்கே தலைமை தாங்கிய அவர், சென்னையில் இருந்த காலத்தில்தான் நண்பர் சங்கத்தில் சேர்ந்தார். மிஷனரியாகப் பிறர்க்கு வழிகாட்ட வந்தவர், இந்நாட்டில் வாழ்ந்து தாமே தேடுபவராகிச் சங்கத்தை அடைந்தது அவர் வாழ்வின் சிறப்பு. 1939இல் சாந்திநிகேதனம் சென்று தாகூரின் வங்க நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பயிற்சியை நடத்தினார். இந்தியக் குடியுரிமை ஏற்றார். கோத்தகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1960களில் நாகாலாந்து சமாதானப் பணியிலும் பங்குகொண்டார். இந்தியக் குவேக்கரின் முதல் நூற்றாண்டைப் பற்றி 1980இல் வெளியான அவருடைய நூலே இத்துறைக்கு முதன்மையான ஆதாரம்.

ஒப்புமை: கோலார் தங்கவயல்

குருமாரை நாடி ஏமாந்தோர் தமக்குள்ளேயே வழியும் துணையும் கண்டதற்குத் தமிழர் சரித்திரத்தில் நெருங்கிய உதாரணம், குவேக்கரோடு தொடர்பின்றி, கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டையைச் சூழ்ந்த சுரங்கக் குடியிருப்புகளில் நிகழ்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிகுப்பத்திலும் பிறகு சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் கண்டவர்களில் பெரும்பாலோர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த, கோயிலின் உள்ளே இடம் மறுக்கப்பட்ட குடும்பத்தினர். பூமிக்கடியில் இறங்கிப் பாறை உடைத்துவிட்டு மேலேறி வந்தவர்கள், ஓய்வு நாளில் கூடித் தருமம் படித்தனர். சாம்பியன் ரீப்பில் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழை அவர் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையார் 1926 முதல் 1934 வரை தங்கவயலிலிருந்து நடத்தினார்.

இரு சங்கங்களும் சமமானோர் ஒருவர்க்கொருவர் வழிகாட்டிய கூட்டங்களே, முறைதான் வேறு. பேசும் உரிமையைப் பெற்றிருந்த ஆங்கிலேயர் அதனை விரும்பித் துறந்து மௌனத்தில் அமர்ந்தனர். அவ்வுரிமை தலைமுறைகளாக மறுக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளரோ பேச்சையும், வாசிப்பையும், வாதத்தையும், அச்சையும் தம் வழிபாட்டின் அங்கமாகக் கொண்டனர். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று மாரிகுப்பம் நிலையத்திலிருந்து விடியலில் புறப்படும் ரயில்கள் அம்மக்களின் சந்ததியாரை வேலைக்காகப் பெங்களூருக்கு ஏற்றிச் செல்கின்றன. பண்டிதரின் எழுத்துக்களைத் தொகுத்துப் பதிப்பிக்கப் பிற்காலத்தில் முனைந்தோர்க்கு, அந்தத் தொழிலாளர் கூலியில் மிச்சம் பிடித்து அச்சிட்டுப் பாதுகாத்த ஏடுகளே மூலமாயின.