இடது பக்கம் ஒரு தொட்டி

சலூனில் ஷேவிங் முடிந்ததும் முகத்தில் தேய்ப்பார்களே, படிகாரம்? கண்ணாடிக் கட்டி மாதிரி இருக்கும். கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் திருஷ்டி கழியும் என்பார்கள். தண்ணீர் கலங்கி வருகிற நாட்களில் எங்கள் அம்மா அதையே குடத்துக்குள் விட்டு நாலு சுற்று சுற்றி எடுப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெல்லாம் அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்த தண்ணீர். மந்திரம் போட்ட மாதிரி.

இந்தக் கதையின் வில்லன், அந்தப் படிகாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. பெயர் அலுமினியம் சல்ஃபேட். நம் ஊர் குடிநீர் நிலையங்களில் சுருக்கமாக 'ஆலம்' என்பார்கள். அம்மா குடத்தில் செய்த அதே வேலையை ஊருக்கே செய்கிற ஆசாமி. அளவோடு, உரிய இடத்தில் போட்டால் நல்லவன். அளவும் தப்பி, இடமும் தப்பினால்?

1988-ம் வருடம், ஜூலை 6, புதன்கிழமை. அன்றைக்கு அதுதான் நடந்தது.

இங்கிலாந்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தென்மேற்கு மூலையில் ஒரு கால் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி, கார்ன்வால். அங்கே காமல்ஃபோர்ட் என்று ஒரு சின்ன ஊர். சில ஆயிரம் பேர்தான் ஜனத்தொகை. ஆர்தர் ராஜாவின் தலைநகரமான காமலாட் எங்கள் ஊர்தான் என்று சொல்லிக்கொள்வதைத் தவிர, பெரிசாகப் பெருமை கிடையாது. பக்கத்தில் பாட்மின் மூர் என்கிற மேட்டு நிலம். அதன் மேல் லோயர்மூர் என்ற குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். காமல்ஃபோர்டுக்கும் சுற்றுவட்டார கிராமங்களுக்குமாக ஏறத்தாழ 20,000 பேருக்கு அங்கிருந்துதான் தண்ணீர். நடத்தியது, சவுத் வெஸ்ட் வாட்டர் அத்தாரிட்டி. நம்மூர் குடிநீர் வாரியம் மாதிரி அரசாங்க அமைப்பு. வாரியம் என்றே வைத்துக்கொள்வோம்.

அன்று மாலை ஒரு டேங்கர் லாரி லோயர்மூருக்கு வந்தது. உள்ளே 20 டன் அலுமினியம் சல்ஃபேட் கரைசல். வழக்கமாக வருகிற டிரைவர் வரவில்லை. மாற்று ஆள். அவருக்கு அந்த இடம் புதிது. வந்து பார்த்தால் நிலையத்தில் ஈ, காக்கை இல்லை. ஆள் வைக்காமலே ஓடிக்கொண்டிருந்த நிலையம் அது. கேட்பதற்கு யாருமில்லை.

ஆனால், கையில் சாவி இருந்தது. வழக்கமான டிரைவர் கொடுத்தனுப்பியது. கூடவே ஒரு வழிகாட்டுதலும். கேட்டைத் தாண்டி உள்ளே போனால் இடது பக்கம் தொட்டி இருக்கும். அவ்வளவுதான்.

போனார். இடது பக்கம் ஒரு தொட்டி. சாவி போட்டார். திறந்தது. திறக்காமல் எப்படி? அந்த வாரியத்தின் பூட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான். குழாயை மாட்டினார். 20 டன்னையும் இறக்கினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் திறந்தது வேறு தொட்டி.

ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீருக்குப் பல கட்டங்கள் உண்டு. முதலில் ஆலத்தைச் சிறிது சிறிதாகக் கலப்பார்கள். அழுக்கெல்லாம் திரண்டு பஞ்சு மாதிரி ஆகும். அதைப் படியவிட்டு, வடிகட்டி, கடைசியாக குளோரின் போட்டு ஒரு தொட்டியில் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள், கிருமிகள் சாவதற்காக. இந்தக் கடைசித் தொட்டியைத் தாண்டினால் வேறு சோதனை எதுவும் இல்லை. நேரே மெயின் பைப். அங்கிருந்து சமையலறைக் குழாய்.

டிரைவர் 20 டன்னைக் கொட்டியது, அந்தக் கடைசித் தொட்டியில்.

அன்று மாலையே ஊரில் குழாயைத் திறந்தவர்களுக்கு ஏதோ வித்தியாசமாகத் தெரிந்துவிட்டது. வாயில் வைக்க முடியாத சுவை. நாக்கு எரிந்தது. குளித்தவர்களுக்கு உடம்பு பிசுபிசுத்தது. அடுத்தடுத்த நாட்களில் வாய்ப்புண், வாந்தி, வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு, மூட்டு வலி. சிலருக்குத் தலைமுடி பச்சை நிறமாகிப்போனது. வேடிக்கை இல்லை, நிஜமாகவே பச்சை.

ஏன் பச்சை? வீட்டுக்குள் நடந்த விபரீதம் இது. அலுமினியம் சல்ஃபேட் தண்ணீரில் கரைந்தால் அமிலம் உண்டாகும். 20 டன் கரைந்தால் கேட்கவே வேண்டாம். அந்த அமிலத் தண்ணீர் ஊரின் பைப்புகளை அரித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் இருந்த தாமிரக் குழாய்களை அரித்தது. இணைப்புகளில் பற்றவைத்திருந்த ஈயத்தை அரித்தது. எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு டம்ளரில் வந்து விழுந்தது. முடியைப் பச்சையாக்கியது தாமிரம். மேட்டு நிலத்தில் கலந்தது ஒரு ரசாயனம். வீட்டுக்கு வந்து சேரும்போது நாலைந்து. அத்தனை வருடமாகச் சாதுவாகச் சுவருக்குள் கிடந்த பைப்பே விஷம் கக்குகிறது என்றால், எந்தக் குடித்தனக்காரருக்குத் தோன்றும்?

அளவு என்ன தெரியுமா? குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. காமல்ஃபோர்டில் பதிவான அதிகபட்ச அளவு, 620 மில்லிகிராம். மூவாயிரம் மடங்குக்கும் மேல்.

ஜனங்கள் வாரியத்துக்குப் போன் மேல் போன் போட்டார்கள். தண்ணீருக்கு என்ன ஆச்சு, குடிக்கலாமா, கூடாதா?

குடிக்கலாம், பயமில்லை என்று பதில் வந்தது. சுவை பிடிக்கவில்லையென்றால் கொஞ்சம் பழச்சாறு கலந்து குடியுங்கள் என்று யோசனை வேறு. இதில் ஒரு குரூரமான வேடிக்கை உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களில் இருக்கும் சிட்ரேட், அலுமினியத்தை உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ள உதவி செய்யும்.

இதற்கிடையில் வாரியம் பைப்புகளைக் கழுவிவிட ஆரம்பித்தது. கழுவிய தண்ணீர் காமல், ஆலன் என்ற இரண்டு ஆறுகளில் போய் விழுந்தது. பல்லாயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. மீன்கள் செத்த பிறகாவது ஊரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்களா? ம்ஹும்.

தவறான தொட்டி என்பதை வாரியம் சில நாட்களுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. சும்மா இருப்பது என்று முடிவெடுத்தார்கள். சரியாகச் சொன்னால் பதினாறு நாள்.

ஜூலை 22-ம் தேதி, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் ஓர் அறிவிப்பு வெளியானது. எந்தப் பக்கத்தில்? விளையாட்டுப் பக்கத்தில்.

தேசியப் பத்திரிகைகள் தூங்கிக்கொண்டிருந்தனவா என்று கேட்கலாம். அதே ஜூலை 6-ம் தேதி இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்துச் சிதறி 167 பேர் இறந்துபோனார்கள். பிரிட்டன் முழுக்க அதே பேச்சு. ஒரு மூலையில் இருக்கிற ஊரின் குழாய்த் தண்ணீர் கசந்ததை யார் கவனிப்பார்கள்?

சரி, வாரியம் ஏன் வாயைத் திறக்கவில்லை? இங்கேதான் பி.காம். படித்தவனுக்கு மூக்கு வேர்க்கிறது. மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் குடிநீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மொத்தம் பத்து வாரியங்கள். 1989 கடைசியில் பங்குகள் சந்தைக்கு வந்தன. வீட்டை விற்கப்போகிறவன், வாங்க வருகிறவர் முன்னால் சுவரில் இருக்கும் விரிசலைக் காட்டுவானா? அதனால்தான் மறைத்தார்கள் என்று எந்த விசாரணையிலும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் இன்றுவரை சாகவில்லை.

வழக்கு நடந்தது. 1991-ல் எக்ஸிட்டர் நீதிமன்றம், மக்கள் ஆரோக்கியத்துக்கு ஆபத்தான தண்ணீரைக் கொடுத்த குற்றத்துக்காக வாரியத்துக்கு அபராதம் போட்டது. 10,000 பவுண்டு. வழக்குச் செலவு தனியாக 25,000. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பகுதியில் 20,000 பேர். தலைக்கு அரை பவுண்டு! 1994-ல் 148 பேர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டார்கள். ஆளைப் பொறுத்து 680 முதல் 10,000 பவுண்டு வரை கிடைத்தது.

பணத்தை விட ஜனங்களை அதிகம் நோகடித்தது வேறொன்று. பேராசிரியர் பார்பரா கிளேட்டன் தலைமையில் அரசாங்கம் ஒரு நிபுணர் குழு அமைத்தது. 1989-ல் அறிக்கை வந்தது. நீண்டகால பாதிப்புக்குத் தண்ணீர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. பயமும் பத்திரிகைப் பரபரப்புமே பல தொல்லைகளுக்குக் காரணம். 1991-ல் இரண்டாவது அறிக்கையும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. அதாவது எல்லாம் மனப்பிரமை. ஞாபக மறதியோடும் மூட்டு வலியோடும் போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு கதையைத் திருப்பியது. காமல்ஃபோர்டைச் சேர்ந்த 55 பேரைச் சோதித்த மருத்துவர்கள், மூளையின் செயல்பாட்டில் கணிசமான குறை இருக்கிறது, வெறும் பதற்றத்தை வைத்து இதை விளக்க முடியாது என்றார்கள். ஆனால் 2013-ல் இன்னொரு அரசாங்க நிபுணர் குழு, நீடித்த பாதிப்பு ஏற்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு என்றே முடித்தது. ஆக, விஞ்ஞானிகளிடையே வழக்கு இன்னும் முடியவில்லை.

நடுவில் ஒரு மரணம். அந்தப் பகுதியில் வசித்த ஒரு பெண்மணி 2004-ல், தன் 59-வது வயதில், அபூர்வமான மூளை நோயால் இறந்தார். மூளையைப் பரிசோதித்ததில் அலுமினியம் ஏராளமாக இருந்தது. 2012-ல் மரண விசாரணை அதிகாரி தன் முடிவைச் சொன்னார். அந்தத் தண்ணீர் மரணத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும். ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமாக அவர் சொன்னது இன்னொன்று. பொதுமக்களுக்குப் பதினாறு நாள் உண்மையைச் சொல்லாமல் வைத்திருந்தது திட்டமிட்ட செயல். வாரியம் 20,000 உயிர்களை வைத்துச் சூதாடியிருக்கிறது.

2013 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. சம்பவம் நடந்து இருபத்தைந்து வருடங்கள் ஆகியிருந்தன.

ஒரு நல்லதும் நடந்தது. குடிக்க லாயக்கில்லாத தண்ணீரை விநியோகிப்பது கிரிமினல் குற்றம் என்று 1989-ம் வருடச் சட்டம் சொன்னது. குடிநீர் நிறுவனங்களைக் கண்காணிக்க, குடிநீருக்கென்றே தனிக் கண்காணிப்பு அமைப்பு 1990-ல் வந்தது.

இதில் நமக்கென்ன? தண்ணீரில் சந்தேகம் வந்தால் நாம் முதலில் செய்வது என்ன? கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டிக் குடிப்பது. கிருமி என்றால் அது சரியான வைத்தியம். தாமிரமும் ஈயமும் அலுமினியமும் கொதிக்க வைத்தால் சாகாது. தண்ணீர்தான் ஆவியாகும். மிச்சமிருப்பதில் உலோகம் இன்னும் கெட்டியாகும். அப்படியானால், காமல்ஃபோர்ட்டில் ஓர் அக்கறையான அம்மா தன் குழந்தைக்கு நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்திருந்தால், விளைவு என்ன ஆகியிருக்கும்? என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்குள் எந்தப் பாதுகாப்பும் செய்துகொள்ள முடியாது. அதைத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் சொல்ல வேண்டும்.

அந்த டிரைவரை எனக்குக் குறைசொல்லத் தோன்றவில்லை. புது இடம், ஆளில்லாத நிலையம், எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவி. அவர் இடத்தில் நீங்களோ நானோ இருந்தாலும் இடது பக்கத் தொட்டியைத்தான் திறந்திருப்போம். தப்பு என்பது யாருக்கும் நடக்கும். அதற்கு ஆனது சில நிமிஷம். பதினாறு நாள் மௌனம் அப்படித் தற்செயலாக நடக்காது. தினமும் காலையில் எழுந்து, இன்றைக்கும் சொல்ல வேண்டாம் என்று யாரோ முடிவெடுத்தால்தான் நடக்கும்.

நம்மூரில் வரி கட்டச்சொல்லி நகராட்சி ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறதல்லவா? அப்படி ஒரு வண்டி, ஒரு மைக், ஒரே ஒரு வரி. 'இன்றைக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.' காமல்ஃபோர்டுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். பெட்ரோல் செலவு பத்துப் பவுண்டுகூட ஆகியிருக்காது.