அறிவில் எளியோரும் இஸ்லாமிய மரபும்

மதீனத்து மாநகரில் ஒரு பெண்மணி வாழ்ந்தார். அவருடைய அறிவில் சிறிது குறை இருந்தது. ஒருநாள் அவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஓர் அலுவல் இருப்பதாகக் கூறினார். அண்ணலார் அவரை விலக்கவில்லை, வேறொருவரிடம் அனுப்பவுமில்லை. இன்னாரின் தாயே என்று மதிப்புடன் விளித்து, விரும்பிய தெருவைத் தேர்ந்துகொள்ளுமாறு அவரிடமே விட்டார்கள். பின்னர் அங்கே அவருடன் தனித்து நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். ஹஸ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

நம் மஹல்லாக்களிலும் இத்தகையோர் உளர். அவர்களைப் பெற்றவர்களின் நெஞ்சை இரவெல்லாம் அரிக்கும் கேள்வி ஒன்றே: எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்? இக்கேள்விக்கு நம் முன்னோர் தந்த விடை யாது என்பதைச் சிறிது நோக்குவோம்.

திருமறையின் அந்நிஸா அத்தியாயத்து ஐந்தாம் வசனம், பொருளை ஆளத் தெரியாதாரிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்கிறது. அத்துடன் நிற்கவில்லை. அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்கவும், நன்மொழி பேசவும் கட்டளையிடுகிறது. அவ்வசனத்தில் அச்செல்வத்திலிருந்து என்னாது, அச்செல்வத்தில் உணவளிக்குமாறு கூறப்பட்டிருப்பதை விரிவுரையாளர் ஸமக்ஷரீ சுட்டுகிறார். முதலைக் கரைத்துவிடாமல், அதனைத் தொழிலில் ஈடுபடுத்தி, வரும் ஆதாயத்தைக்கொண்டு அவர்களைப் பேண வேண்டும் என்பது அவர் காணும் நுட்பம். காவலர் உடைமையாளர் அல்லர், அமானிதம் சுமப்பவரே.

உமையா கலீஃபா வலீத் (ஆட்சி 705–715) தொழுநோயாளருக்கு உதவித்தொகை வழங்கி, அவர்கள் பிறரிடம் இரக்க வேண்டா என்றார். நடக்க இயலாதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அமர்த்தினார். அறிவில் எளியோரை அச்செய்தி தனியே குறிக்கவில்லை. ஆயினும் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு என்னும் அந்நெறியே இவர்களுக்கும் வேண்டுவது. டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் எழுந்த புகழ்மிக்க மருத்துவமனைகள் மனநோயாளருக்கு இடமளித்தன. ஆனால் அறிவு வளர்ச்சிக் குறை, மருந்தால் தீரும் நோயன்று. அது வாழ்நாள் முழுவதும் உடன்வரும் நிலை. அதற்கு வேண்டுவது துணைநிற்கும் மனிதரே.

இவ்வேறுபாட்டை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். பித்தர் மஜ்னூன் எனவும், அறிவில் எளியவர் மஃதூஹ் எனவும் வேறாகக் குறிக்கப்பட்டனர். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில், அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் தொகுக்கப்பெற்ற ஹனஃபீ சட்டக் கோவையான மஜல்லா, மஃதூஹை விவரமறிந்த சிறுவருக்கு ஒப்பாக வைத்தது. அவர் ஓர் அன்பளிப்பைத் தாமே ஏற்கலாம். தமக்கு முற்றிலும் கேடாகும் செயல் செல்லாது. இலாபநட்டம் இரண்டிற்கும் இடமுள்ள விற்பனை போன்றவை வலீயின் ஒப்புதலால் செல்லும்.

நம் நாட்டிலோ ஆங்கிலேயர் இயற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டம் இரு சாராரையும் பித்தர் என்னும் ஒரே பெயரில் அடைத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அறிவு வளர்ச்சி குன்றியோரை அதினின்று நீக்கியது. ஆனால் அவர்களுக்கென வேறு காப்பும் அமைக்கவில்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமே அக்குறையைப் போக்கியது. பதினெட்டு வயது கடந்தோருக்குக் காவலர் வேண்டுமெனில், பெற்றோரோ உறவினரோ மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவை நாடலாம். காவலர் ஆறு மாதங்களுக்குள் சொத்து விவரமும், ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும், புறக்கணித்தால் நீக்கப்படுவார். 2016ஆம் ஆண்டுச் சட்டம், காவலர் தாமாக முடிவெடுக்காது, அவருடன் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

ஆயினும் குழுவினால் தெருவில் நின்று கேட்க இயலுமா? அது நம் ஜமாஅத்துகளின் கடன். தம் எல்லைக்குள் வாழும் இத்தகையோர் யாவர் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் அறிந்திருத்தல் வேண்டும். பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே காவலரை அமர்த்தத் துணைபுரிய வேண்டும். இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என எழுதிவைத்து, மாதம் ஒருமுறையேனும் விசாரித்துவர வேண்டும். திருமணப் பந்தியிலும் பெருநாள் தொழுகையிலும் அவர்களை முன்னழைக்க வேண்டும்.

மதீனத்துப் பெண்மணி தெருவைத் தாமே தேர்ந்தார். நம் தெருக்களில் அத்தகையோர் நிற்க இடமுண்டா என்பதே நம்முன் உள்ள வினா.