சாவு சேதி சொன்னவர்களின் சாவு ஏன் செய்தி ஆகவில்லை?

சில மாதங்களுக்கு முன் ஒரு சினிமா நடிகர் இறந்தார். பெயர் இங்கே முக்கியமில்லை. திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து டிவியில் அதே காட்சிதான். மருத்துவமனை வாசல், வீட்டு வாசல், யார் யார் காரிலிருந்து இறங்குகிறார்கள், யார் கண்ணைத் துடைக்கிறார்கள். மாலையில் அதே கடைக்கு மறுபடி வந்தேன். இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றே எங்கள் காலனியிலும் ஒரு சாவு. முப்பது வருடங்களுக்கு மேல் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர் அவர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானவர்கள் கிரிவலம் போய்விட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள். மறுநாள் விடிவதற்குள் அந்தப் 14 கிலோமீட்டர் பாதையில் கிடக்கும் இலையும் தட்டும் பிளாஸ்டிக்கும் காணாமல் போகும். தானாகவா போகும்? அவரைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களின் கை அது.

கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, அப்பாவப் பத்தி பேப்பர்ல ரெண்டு வரி போடச் சொல்லுங்களேன்." எனக்குத் தெரிந்த ஒரு நாளிதழ்க்காரருக்குப் போன் போட்டேன். அவர் நல்லவர்தான். "விளம்பரமா குடுத்தா போட்டுடலாம் தோழர். செய்தியா போட முடியாது, அவர் என்ன பெரிய ஆளா?" என்றார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப நாங்க எப்பண்ணா பேப்பர்ல வருவோம்? எங்கள எவனாவது வெட்டுனாத்தான் வருவோமா?"

அந்தக் கேள்விக்கு வரலாற்றில் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

1950, ஏப்ரல் 14

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். திருவண்ணாமலையில் நடந்த சாவுகளில் உலகமே அறிந்த சாவு ரமண மகரிஷியுடையது. 1950 ஏப்ரல் 14, இரவு 8.47 மணி. நிமிடம் வரை பதிவாகியிருக்கிறது. அவர் கையில் வந்த புற்றுக்கட்டி, அதற்கு நடந்த அறுவை சிகிச்சைகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. காந்தி கொல்லப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்து, பிறகு அவருடைய இறுதி ஊர்வலத்தையும் படம் எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் அந்த நாட்களில் ஆசிரமத்தில் இருந்தார். அன்றிரவு வானத்தில் எரிநட்சத்திரம் போனதை அவரும் பார்த்ததாகச் சொன்னார். இன்றுவரை அது திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது.

ரமணரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சாவு உலகச் செய்தி ஆவதற்கு என்னென்ன தேவைப்படுகிறது என்பதுதான் கேள்வி. இதே ஊரில் 1929 ஜனவரியில் சேஷாத்ரி சுவாமிகள் இறந்தார். அவரும் பார்ப்பனர், அவரும் சாமியார், ஊரே அவரைக் கொண்டாடியது. ஆனால் அவர் சாவு ஊர்ச் சேதியாக நின்றுவிட்டது. ரமணரைப் பற்றி பால் பிரண்டன் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1934இல் வந்தது. 1938இல் எழுத்தாளர் சாமர்செட் மாம் ஆசிரமத்துக்கு வந்தார். 1949இல் அமெரிக்காவின் லைஃப் இதழ் படங்களோடு கட்டுரை போட்டது. அதாவது அவர் இறப்பதற்கு முன்பே கோப்பு தயாராக இருந்தது. ஆங்கிலம், புகைப்படம், எழுதுவதற்கு ஆள் என்று மூன்றும் சேர்ந்தன. புகழ் வானத்திலிருந்து விழுவதில்லை தோழர்களே, அது கட்டப்படுகிறது. கட்டுவதற்குக் காகிதமும் மையும் கேமராவும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் அரசியல்.

அதே 1950 ஏப்ரல் 14 அன்று டெல்லியில் இந்தியாவின் சட்ட அமைச்சருக்கு 59 வயது நிறைந்தது. அவர் எழுதித் தந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சென்னை மாகாணத்தில் நம் மக்கள் கோயிலுக்குள் நுழைவதை உரிமையாக்கிய சட்டம் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மலையைச் சுற்றியிருந்த சேரிகளில் அந்த வருடம் யார் யார் இறந்தார்கள்? நிமிடம் வேண்டாம், தேதியாவது தெரியுமா? அந்தக் குடும்பங்களில் இன்று இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கே பெரும்பாலும் தெரியாது.

சேதி சொன்ன கால்கள்

இதில் ஒரு கொடுமையான முரண் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பத்திரிகையும் தந்தியும் வருவதற்கு முன்பு, வந்த பிறகும்கூட, சாவுச் செய்தியைச் சுமந்தவர்கள் யார்? நாம்தான்.

ஊர்த்தெருவில் ஒருவர் இறந்தால் சேரிக்கு ஆள் வரும். பறையடிக்க, பாடை கட்ட, குழி வெட்ட, பிணம் எரிக்க நம் ஆட்கள் போக வேண்டும். அதற்கும் முன்பாக, வெளியூரில் இருக்கும் உறவுகளுக்கு இழவு சொல்லப் போக வேண்டும். என் தாத்தா அப்படிப் போனவர். ராத்திரி, மழை என்று பார்க்க முடியாது. பத்து, பதினைந்து மைல் நடந்து போய்ச் சொந்தக்காரர் வீட்டுத் தெருவில் நின்று, இன்னார் தவறிட்டாருங்க, இத்தனை மணிக்கு எடுக்கிறாங்க என்று குரல் கொடுக்க வேண்டும். திண்ணையில் ஏறக் கூடாது. கூலி கொஞ்சம் தவசமும் சில்லறையும். மறுத்தால் அடி, அபராதம், ஊர்க் கட்டுப்பாடு.

யோசித்துப் பாருங்கள். யார் இறந்தார், எப்போது இறந்தார், எப்போது அடக்கம்? இன்று டிவி சொல்வதும் இதைத்தான். அந்த வேலையைக் கூலியில்லாத குறையாகத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் நம் தாத்தாக்கள். ஆனால் அவர்கள் இறந்தபோது சேதி சொல்ல எந்தத் தெருவிலிருந்தும் யாரும் நடந்து வரவில்லை. இழவு சொல்ல மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பிற்பாடு ஊர் ஊராக நம் மக்கள் மறுத்தது வெறும் கூலித் தகராறு அல்ல. யாருடைய சாவு பெரிது என்று சொல்லும் வேலையை இனிச் செய்ய மாட்டோம் என்ற அறிவிப்பு அது.

85 வருட மௌனம்

நமக்கு எழுத்து இல்லை, அதனால்தான் பதிவு இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது பொய். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் அது 'தமிழன்' ஆனது. அரசியல், மருத்துவம், பௌத்தம், இலக்கியம், சாதி எதிர்ப்பு என்று சாகும்வரை எழுதினார். 1914 மே 5 அன்று இறந்தார்.

பிறகு என்ன நடந்தது? தமிழ்நாட்டின் சிந்தனை வரலாற்றை எழுதியவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர்கள் பழைய 'தமிழன்' இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் அயோத்திதாசர் யார் என்று பல்கலைக்கழகங்களுக்கே தெரிந்தது. இடையில் 85 வருடம்! 2005இல் தபால்தலை வந்தது. 2023 டிசம்பரில் கிண்டியில் மணிமண்டபம் திறந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அலமாரியில் அந்தக் காகிதங்கள் செல்லரித்துப் போயிருந்தால்?

நாற்பது நாள் இடைவெளியில்

1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அரசாங்கக் கணக்கு 42 என்றது. எண்ணிக்கையிலேயே தகராறு. 1973இல் உயர் நீதிமன்றம், கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி அவர்களை விடுவித்தது.

வெண்மணி நடந்து சரியாக நாற்பதாவது நாள், 1969 பிப்ரவரி 3, முதலமைச்சர் அண்ணா இறந்தார். இறுதி ஊர்வலத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கின்னஸ் புத்தகம் எழுதியது. அந்தக் கண்ணீர் உண்மையானது. நம் தாத்தா பாட்டிகளும் அழுதார்கள். அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. ஒரே குளிர்காலத்தில் நடந்த இரண்டு சாவுகளில் ஒன்று பெயராகவும் இன்னொன்று எண்ணாகவும் ஏன் நம் மனதில் பதிந்தன? வெண்மணியில் இறந்தவர்களில் ஐந்து பேரின் பெயரை உங்களால் சொல்ல முடியுமா? வெண்மணி நினைவிடத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் முழக்கம் போடுகிற நமக்கே அவை மனப்பாடம் இல்லை. ஊடகத்தின் பழக்கம் நமக்குள்ளும் வந்துவிட்டது.

நிபந்தனையோடு கிடைக்கும் புகழ்

புகழ் கிடைத்த நம்மவர்களையும் பாருங்கள். கக்கன் 1939இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அந்த நிகழ்வில் அழைத்துப் போன வைத்தியநாத அய்யர் பெயர் எல்லோருக்கும் தெரியும். உயிரைப் பணயம் வைத்து உள்ளே போனவர்களின் பெயர்களைக் கேட்டால் கக்கனோடு நின்றுவிடும். பிறகு அவர் பொதுப்பணி, விவசாயம், உள்துறை என்று பெரிய துறைகளுக்கு அமைச்சராக இருந்தார். 1981 டிசம்பர் 23 அன்று இறந்தார். பத்திரிகைகள் அவரை எதற்காக நினைவுகூர்கின்றன? மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரணப் பிரிவில் கிடந்தார், எம்.ஜி.ஆர் பார்த்துக் கலங்கினார் என்ற அந்த ஒரு காட்சிக்காக. அவர் என்ன கையெழுத்துப் போட்டார், என்ன திட்டம் கொண்டுவந்தார் என்பது பின்னுக்குப் போய்விட்டது. ஏழையாகச் செத்ததுதான் அவர் சாதனை போல எழுதுகிறார்கள். நம்மவருக்குப் புகழ் வேண்டுமென்றால் ஒன்று கொல்லப்பட வேண்டும், இல்லையென்றால் பரிதாபமாகச் சாக வேண்டும். ஆண்ட கதை, எழுதிய கதை, ஜெயித்த கதை செய்தி ஆகாது.

நம் மாவட்டத்திலேயே 2023 ஜனவரி 30 அன்று தென்முடியனூரில் நம் மக்கள் பல தலைமுறைத் தடையை உடைத்து முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். நாடே அந்தச் செய்தியைப் பார்த்தது. அன்று முதலில் படியேறிய பெண்ணின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "பட்டியலின மக்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

யார் தீர்மானிக்கிறார்கள்?

1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளரிடம் ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர், பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டுங்கள் என்று கேட்டார். டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலை வைத்துக்கொண்டு உனியால் தேடினார். ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்து மூன்று வருடம் கழித்து, 2019இல், ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. அவர்கள் கணக்கெடுத்த 121 தலைமைப் பதவிகளில் 106இல் உயர்த்திக்கொண்ட சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. இரங்கல் செய்தி எழுதும் மேசையில் நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதபோது, அவர் என்ன பெரிய ஆளா என்றுதான் கேட்பார்கள்.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. நியூயார்க் டைம்ஸ் 1851லிருந்து இரங்கல் கட்டுரைகள் போடுகிறது. அதில் மிகப் பெரும்பாலோர் வெள்ளை ஆண்கள் என்பதை அந்தப் பத்திரிகையே 2018 மார்ச் 8 அன்று ஒப்புக்கொண்டு, விடுபட்டவர்களுக்குக் காலம் கடந்து இரங்கல் எழுதத் தொடங்கியது. அந்த முதல் தொகுப்பிலேயே ஐடா பி. வெல்ஸ் இருந்தார். வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பின மக்களின் சாவுகளைப் பெயர், ஊர், காரணத்தோடு திரட்டி எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் அவர். 1931இல் இறந்தார். சாவைப் பதிவு செய்தவரின் சாவைப் பதிவு செய்ய அவர்களுக்கு 87 வருடம் ஆனது. என் தாத்தாவின் கதைக்கு அவர் ஏதோ ஒருவகையில் உறவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது அதன் விளம்பரத்தைக் காசு கொடுத்தும் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. பாபாசாகேப் கேசரியின் வாசலில் காத்துக்கிடக்கவில்லை. தன் பத்திரிகையை நடத்தினார்.

நம் காலனி முனையில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனரைச் சிலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். பத்திரிகை இடம் தராதவர்களின் இரங்கல் பக்கம் அது. பெயர், பிறந்த நாள், இறந்த நாள், படம், பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரே குறை, பதினைந்து நாளில் கிழிந்து கூரைக்குப் போர்வை ஆகிவிடும். அதைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார், எந்தப் போராட்டத்தில் நின்றார், எதற்குச் சிரிப்பார். உயிரோடு இருக்கும் பாட்டியிடம் இன்றைக்கே போய்ப் பேசிக் குரலைப் பதிவு செய்யுங்கள். இதழியல் படிப்பவர்கள் அந்த மேசைக்குப் போய் உட்காருங்கள். தலைவர்களுக்கு மட்டும் எழுதினால் நாமும் அதே தராசைத்தான் பிடிக்கிறோம் என்று அர்த்தம்.

அந்தப் பெண் தன் அப்பாவைப் பற்றி நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். அவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. அதை முதலில் சொல்லும் உரிமை அவளுடையது. எழுதி முடித்ததும் இங்கேயே வெளியிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் பக்கங்களையும் அனுப்புங்கள்.

ஜெய்பீம்.