பசும்பாலிலிருந்து செல்வெளி நுண்பைகளைப் பிரித்தல்

மடியின் செல்கள் பாலுக்குள் விடும், கொழுப்புப் படலம் போர்த்திய நுண்துகள்களே செல்வெளி நுண்பைகள். இவற்றுள் எக்சோசோம்கள் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். இவை புரதங்களையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் சுமப்பவை.

பாலை 4 டிகிரி செல்சியஸில் மையவிலக்கியில் சுழற்றினால் பாலேடு மேலே கட்டும். செல்கள் அடியில் படியும். அடுத்து வருவதுதான் பெருந்தொல்லை: கேசின் என்னும் பால்புரதம். அதன் திரள்களில் பலவும் நுண்பைகளின் அளவினவாதலால், அளவை மட்டும் நம்பிப் பிரித்தால் இரண்டும் சேர்ந்தே வரும். ஈ.டி.டி.ஏ. அல்லது சிட்ரேட் சேர்த்தால் அது திரள்களைப் பிணைக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; திரள்கள் உடைந்து வெண்மை தெளியும். மாற்றாக, அமிலமிட்டு பி.எச். 4.6க்குக் கொண்டுவந்தால் கேசின் திரிந்து படியும். எளிய வழிதான், ஆனால் நுண்பைகளின் மேற்பரப்புப் புரதங்களைக் குலைக்கக்கூடும். பின்னர் புவியீர்ப்பைப்போல் ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றி நுண்பைகளைப் படியவைப்பர். நுண்பைகளின் அடையாளமான சிடி9, சிடி63 புரதங்கள் இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது. கேசின் நீங்கியதையும் காட்டாத மாதிரியைத் தூயது எனக் கொள்ள முடியாது.