அஞ்சலில் வளர்ந்த பள்ளிக்கூடம்

ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதற்கான வலைப்பின்னல் என்றதும் நம் மனம் கணினியை நோக்கியே ஓடுகிறது. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு சிறு கையச்சுப்பொறியையும் அஞ்சல் வண்டியையும் நம்பி அத்தகைய வலையைப் பின்னியவர் செலஸ்தேன் ஃப்ரெனே. அவரைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

1896இல் பிறந்த ஃப்ரெனே, முதல் உலகப்போரில் நுரையீரலில் குண்டடிபட்டு மீண்டவர். 1920இல் தென்கிழக்கு பிரான்சின் மலையோர ஊரான பார்-சூர்-லூப்பில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த இயலாமையே தம்மைப் புதுவழி தேடவைத்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1924இல் வகுப்பறைக்குள் அச்சுப்பொறி வந்தது. பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினார்கள்; எழுதியவற்றில் ஒன்றைக் கூடித் தேர்ந்தார்கள்; எழுத்து எழுத்தாக அச்சுக் கோத்து, மை தடவி, தாளில் பதித்தார்கள். பாடநூல் மேசையிலிருந்து மெல்ல விலகியது.

ஆனால் அச்சிட்ட தாளுக்கு வாசகர் வேண்டுமல்லவா? அட்லாண்டிக் கரையோரம், பிரித்தானிப் பகுதியில் பணிபுரிந்த ரெனே தானியேல் என்ற ஆசிரியரின் பள்ளியோடு 1926இல் முறையான பரிமாற்றம் தொடங்கியது. மலையூர்ப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் கடலோரப் பிள்ளைகள் வாசித்தார்கள். பதில் அச்சாகித் திரும்பி வந்தது. ஆசிரியரின் சிவப்பு மைக்காக எழுதிய சிறுவன், முகமறியாத நண்பனுக்காக எழுதத் தொடங்கினான். பிழை திருத்துவதற்கும் அப்போதுதான் ஒரு பொருள் கிடைத்தது.

ஆசிரியர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. கிராமத்துப் பள்ளியில் தனித்துக் கிடந்தவர்கள், தத்தம் வகுப்பில் பலித்ததையும் பலிக்காததையும் சுற்றறிக்கை இதழ் வழியே பகிர்ந்தார்கள். 1927இல் தூர் நகரில் அவர்களின் முதல் மாநாடு கூடியது. அச்சுக்கருவிகளையும் பிள்ளைகளின் எழுத்தையும் வெளியிட ஒரு கூட்டுறவு அமைப்பும் உருவாயிற்று. மேலிருந்து வந்த ஆணை எதுவும் இதற்குப் பின்னால் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதற்கான விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1928இல் அவர் சேன்-போல் என்ற ஊருக்கு மாறினார். அங்கே ஒரு சிறுவன் தன் கனவை எழுதினான்: பள்ளிக்கு இலவசப் பொருள்கள் தர மறுத்த ஊர்த்தலைவருக்கு எதிராக வகுப்பே கிளர்ந்தெழுகிறது, அவர் கொல்லப்படுகிறார். வகுப்பறைச் சுவருக்குள் இருந்திருந்தால் அது வெறும் கனவு. அச்சில் ஏறியதால் 1932இல் சுவரொட்டியாகி ஊரைப் பிளந்தது. இறுதியில் ஃப்ரெனே அரசுப் பணியை விட்டு விலகி, மனைவி எலீஸுடன் வான்ஸில் சொந்தப் பள்ளி நிறுவினார். 1940இல் கம்யூனிஸ்ட் என்ற காரணத்தால் முகாமில் அடைக்கப்பட்டார். எனினும் அமைப்பு அழியவில்லை. அது ஒருவரிடம் மட்டும் இருக்கவில்லை என்பதே காரணம்.

1963இல் இத்தாலியில், அதே மரபில் வந்த மாரியோ லோதியின் வகுப்பு, டான் மிலானியின் பார்பியானா மலைப்பள்ளியோடு கடிதத் தொடர்பு கொண்டது. அங்கே பழகிய கூட்டெழுத்து முறையிலிருந்தே 1967இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' பிறந்தது. 1985இல் போர்ட்டோ ரிக்கோவையும் அமெரிக்க வகுப்புகளையும் கணினி வழி இணைத்த 'ஒரில்லாஸ்' திட்டத்தினரும் ஃப்ரெனேயையே தம் முன்னோடியாகக் கொண்டனர்.

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. நாள்தோறும் நூறு இணைப்புகள் ஆசிரியரின் கைப்பேசிக்கு வந்து விழுகின்றன. ஆனால் ஃப்ரெனேயும் தானியேலும் முதலில் தேடியது, தம் வகுப்பில் விளைந்ததை வாசித்து அதற்குப் பதில் எழுதக்கூடிய ஒரே ஒரு சக ஆசிரியரைத்தான். பெறுவதை மட்டுமே கற்றல் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நாம், கடைசியாக யாருக்கு, எதை அனுப்பினோம்?