சுவார்ட்ஸ் ஐயரின் சொல்லும் தஞ்சைச் சபையின் பந்தியும்

கடவுள் வாக்கு மாறாதவர் என்பது திருமறை முழுவதும் விளங்கும் உண்மை. அப்பண்பு மனிதரின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் எங்ஙனம் வெளிப்படக் கூடும் என்பதற்குக் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயரின் ஊழியம் தக்க சான்றாகும்.

1726இல் பிரஷ்யாவில் பிறந்து, ஹாலே நகரில் பயின்ற ஐயர், 1750இல் தரங்கம்பாடி வந்தார். திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் உழைத்தபின், 1778இல் தஞ்சையைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். 1779இல் கம்பெனி அரசினர் அவரை ஹைதர் அலியிடம் தூதனுப்பினர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அளித்த பணமுடிப்பை அவர் சென்னை அரசினரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அதனை ஏற்காமையால், தஞ்சையில் பள்ளிப் பணிக்கென ஒதுக்கி வைத்தார்.

1780இல் மூண்ட போரில் தஞ்சைக் கோட்டை பஞ்சத்தால் தவித்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும், அதைச் சுமந்துவர மாடுகள் கிடைக்கவில்லை. மன்னர் சொல்லையும் கம்பெனியார் சொல்லையும் குடிகள் நம்பவில்லை. முன்னர் அவர்களுக்குக் கூலி சரிவரக் கிட்டியதில்லை. இந்நிலையில், தம் கையாலேயே பணம் தருவதாக ஐயர் வாக்களித்தார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்தே அவர் அனுப்பினார். பின்னர், கொடுமை தாங்காது ஊரைவிட்டு ஓடிய உழவர்களை அவர் அழைத்தபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர் என அவரது 1794ஆம் ஆண்டு மடல் கூறுகிறது.

இந்நம்பிக்கை ஒரு நாளில் விளைந்ததன்று. சிறிய காரியங்களில் பல்லாண்டுகள் காத்த நேர்மையின் பலன். துளஜா மன்னர் தாம் இறக்குமுன், 1787இல், தத்துப்பிள்ளை சரபோஜியை அவரது பாதுகாப்பில் விட்டதும் இதனாலேயே. 1798 பிப்ரவரி 13 அன்று ஐயர் மறைந்தார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, எனினும், சிற்பி பிளாக்ஸ்மன் வடித்த நினைவுச் சிற்பத்தை ஐயருக்காகத் தஞ்சைக் கோயிலில் நிறுவினார்.

ஆயினும், வரலாறு மற்றொன்றையும் நம்முன் வைக்கிறது. அதே சபையில் வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் ஆராதனையில் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்திலும் முன்பின் என்னும் வரிசை நிலவியது. பொறுமையால் அது படிப்படியாக மறையும் என ஐயர் எண்ணினார், அது மறையவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அவ்வேற்றுமையை நீக்கும்படி கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையைவிட்டு விலகினர்.

புறத்தார் நம்பத்தக்க வாய்மையைக் கண்ட சபை, தன் பந்தியில் சமத்துவத்தைக் காணவில்லை. கடவுளின் வாய்மையும் பட்சபாதமின்மையும் பிரிக்கப்படக் கூடியவை அல்ல. ஆகவே போதகரும் போதகராகப் பயில்வோரும் இரண்டு வினாக்களைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளனர்: கூலியாள் நம் சொல்லை நம்பி நெல்லைச் சுமந்து வருவானா? வந்தவன் நம் பந்தியில் முதலிடத்தில் அமர இயலுமா?