புற்றரை வீட்டுக் கடிதங்கள்

1862ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கா இயற்றிய குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்துடன் தருவதாக வாக்களித்தது. நிலமற்ற கமக்காரனுக்கு இதனினும் இனிய செய்தி வேறென்ன?

அவ்வாக்கை நம்பி 1872இல் இந்தியானாவிலிருந்து நெபிராஸ்காவுக்குச் சென்றவர்களுள் யூரையா ஒப்ளிங்கரும் ஒருவர். மனைவி மற்றியும் பெண்குழந்தையும் 1873 மே மாதத்தில் வந்து சேரும்வரை கடிதங்களே அக்குடும்பத்தை இணைத்தன. பின்னர், புற்றரையைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிய வீட்டிலிருந்து மற்றி தம் உறவினருக்கு எழுதினார். மண்வீடேயாயினும் சொந்த வீடு என்னும் பெருமிதம் அவ்வெழுத்திலே தெரிகிறது.

ஆனால் சட்டம் நிலத்தைக் கொடுத்ததேயன்றிக் கலப்பையையும் விதையையும் கொடுக்கவில்லை. 1873இல் நாடெங்கும் நிதி நெருக்கடி. 1874இல் அப்பிரதேசத்துப் பயிர்களை வெட்டுக்கிளிகள் அழித்தன. 1880இல் மற்றி பிரசவத்தில் மாண்டார்.

இத்துயரம் மெய்யே. ஆயினும் அந்நிலம் ஆளில்லா நிலமன்று. பிளாற் நதிக்குத் தெற்கேயிருந்த அம்மண்ணைப் பவுனி மக்கள் 1833ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இழந்திருந்தனர். ஒப்ளிங்கர் குடும்பம் அங்கே வேரூன்றிய அதே காலத்தில், 1873க்கும் 1875க்கும் இடையில், நதிக்கு வடக்கே எஞ்சியிருந்த தம் நிலத்தையும் விட்டு அவர்கள் தென்திசைக்குப் பெயர்ந்தனர்.

ஏழைக்கு இலவசமாகக் கிடைத்த நிலத்தின் விலையை மற்றோர் ஏழைச் சமூகம் முன்னரே செலுத்திவிட்டது. கடிதங்களில் ஒரு குடும்பத்தின் குரலே கேட்கும். இரு குரல்களையும் சேர்த்துக் கேட்பதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.